பழைய ரிக்கார்டுக்கு முதலில் ஊசி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, சாப்பாட்டு நேரத்த மட்டும் தாண்டிராதீங்க" என்று செயலாளர் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் மல்லாங்கிணற்றிலும் சுற்றுப்பட்டிகளிலும் ஒரு காலத்தில் காதுகுத்து, சடங்கு, பொங்கல் என்றால் வேப்பமரத்தில் குழாய் கட்டாமல் காரியம் தொடங்காது. மைக் செட்காரர் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரிக்கார்டுகளோடு வந்து இறங்குவார். 1980-களில் கேசட் வந்ததும் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. இப்போது அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. ஒன்று பழைய இரும்புக்கடைக்குப் போகிறது, அல்லது பேரப்பிள்ளைகள் ஆசையாகத் துடைத்துப் போட்டுக் கேட்கிறார்கள். இரண்டாவது நல்ல காரியம்தான். ஆனால் தப்பான கருவியில் போட்டால் அது இரும்புக்கடையைவிடக் கொஞ்சம்தான் மேல். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரிக்கார்டு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு ஜாதி உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடும், கீழே விழுந்தால் அப்பளம். 33, 45 சுற்று ஓடுபவை பிளாஸ்டிக். எல்.பி. உலகத்துக்கு வந்தது 1948-ல். நம் நாட்டில் 1960-களிலும் 78 வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் ஒரே பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும்.

இவற்றின் பள்ளம் ஒரே அகலம் அல்ல. எல்.பி.க்கு ஊசி முனையின் ஆரம் ஏறத்தாழ 18 முதல் 25 மைக்ரான். 78-க்கு 65-க்கு மேல் வேண்டும், அதாவது மூன்று மடங்கு பருமன். எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் அழுக்கை உழும். பாட்டு பின்னால் நிற்கும், இரைச்சல் முன்னால் வரும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் இன்னும் மோசம், பள்ளத்தின் சுவரே நசுங்கிவிடும். அந்தக் கால மைக் செட்காரர்களுக்கு இது மனப்பாடம். அவர்கள் பிளேயரில் திருப்பிப் போடும் ஊசி இருக்கும், ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. 'திருப்பு' என்று ஒரு சொல்தான் சொல்வார்கள், உதவியாள் பையன் திருப்பிவிடுவான்.

இன்று சூட்கேஸ் மாதிரி அழகாக ஒரு பிளேயர் விற்கிறார்கள். வேகம் மாற்றும் விசையில் 78 என்றும் போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் ஒரே ஊசி, அதுவும் எல்.பி. ஊசி! எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தாத்தாவின் பெட்டியை அதில் போட்டுவிட்டு, "சார், எல்லாம் தேஞ்சு போச்சு, ஒண்ணுமே கேக்கல" என்றார்கள். நான் சரியான ஊசியில் வைத்தேன். பத்தில் ஏழு தட்டு பாடியது.

ஏழு தட்டுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். செங்கோட்டை கிட்டப்பா 1933-ல் 27 வயதில் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் இல்லை. அந்தக் குரல் தங்கியிருப்பது 78 தட்டில் மட்டும்தான். படச்சுருள் அழிந்து, பாட்டு மட்டும் ரிக்கார்டில் மிஞ்சிய தமிழ்ப் படங்களும் பல உண்டு. உங்கள் பரணில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சரி, என்ன வாங்குவது? கையில் இருக்கும் காசில் முதல் பங்கு ஊசிக்கு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்ற முடிகிற பழைய பிளேயராகப் பாருங்கள். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வகையில், கார்ட்ரிட்ஜ் அப்படியே இருக்க, எல்.பி. ஊசியை உருவிவிட்டு 78 ஊசியைச் செருகலாம். ஊசிக்கு ஊசி எடை வேறு. அட்டையில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி கையின் எடையைத் திருத்த வேண்டும்.

அடுத்தது வேகம். அமெரிக்காவிலிருந்தோ சவூதியிலிருந்தோ உறவுக்காரர் கொண்டுவந்த பிளேயர் என்றால் உஷார். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. கரண்டின் ஹெர்ட்ஸை வைத்து ஓடும் பழைய மோட்டாராக இருந்தால் 33 சுற்று 28-க்கும் கீழே போய், பாகவதர் பேஸ் குரலில் பாடுவார். டூயல் போன்ற சில கம்பெனிகள் 50-க்கும் 60-க்கும் தனித்தனிப் புல்லி கொடுத்தன. அது கிடைத்தால் பிழைத்தீர்கள். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மாதிரி நேரடி மோட்டார் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது, விலைதான் தொல்லை. வாங்குமுன் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து எண்ணுங்கள். 33-ல் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். 'கடகட' என்று அடிச்சத்தம் வந்தால் ரப்பர் சக்கரம் இறுகிவிட்டது என்று பொருள்.

கடைசியாகத்தான் ப்ரீஆம்ப். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்! கார்ட்ரிட்ஜ் இரண்டு வகை. பழைய மைக் செட் பிளேயரில் இருந்த கிரிஸ்டல், செராமிக் வகை தானாகவே சத்தமாகப் பேசும், அதற்கு ப்ரீஆம்ப் வேண்டாம். காந்த வகை கொடுப்பது 5 மில்லிவோல்ட் போல. அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்தும் கீச்சொலியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது, இரண்டு கோடியிலும் 9 மடங்குக்கு மேல். 1954-ல் வந்த இந்தக் கணக்கின் பெயர் ஆர்.ஐ.ஏ.ஏ. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஆம்பிளிபயரின் 'ஆக்ஸ்' துளையில் சொருகிப் பாருங்கள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மெலிசாக வந்தால் காந்த வகை.

பெஹ்ரிங்கர் பிபி400 போன்ற சின்னப் பெட்டியே போதும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்கள் என்.இ.5532 ஐ.சி. போட்ட போர்டு வாங்கி இணைக்கலாம். ஆனால் கேசட் ஹெட்டுக்கான ப்ரீஆம்ப் போர்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதன் கணக்கே வேறு. வாங்கி வந்தபின் 'உம்ம்' என்று சத்தம் வந்தால் பெட்டியைத் திட்ட வேண்டாம். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியைப் ப்ரீஆம்பின் திருகில் முடுக்குங்கள், பாதி வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். 78 கேட்கும்போது மோனோ விசையைப் போட்டால் இரைச்சலில் ஒரு பங்கு காசில்லாமல் குறையும்.

நம் கரிசல் புழுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பள்ளத்தில் உட்கார்ந்தால் உப்புத்தாள்தான். பிளாஸ்டிக் தட்டுக்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர் சரி, 78-க்குக் கூடவே கூடாது, அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைக்காதீர்கள். நெட்டுக்குத்தாக, நிழலில் வையுங்கள்.

மேடைக்குப் பின்னால் மேஜையில் ஒரு பிளேயர் வைத்திருக்கிறேன். ரிக்கார்டு கொண்டுவந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள். இப்போது 78 ஊசி மாட்டியிருக்கிறது. எல்.பி. என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்றிப் போடுகிறேன்.