பன்னிருவரில் ஒருத்தி

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கூடைப்பந்தாட்ட முன்னாள் வீராங்கனைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது கூடைப்பந்தாட்டத்தின் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டிருந்தனர். கிண்ணங்களின் பட்டியல் இம்மலரிலேயே வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை இங்கே திரும்பவும் வாசித்தால் உங்களுக்கு நித்திரை வரும். ஆகவே இன்று களத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தோம். தேசிய இளையோர் மகளிர் அணிக்கு வீராங்கனைகள் எவ்வாறு தெரிவாகிறார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எந்த இடத்தில் பின்தங்கிப் போகிறார்கள், அதில் பழைய மாணவிகளாகிய நாம் என்ன செய்யலாம் என்பதே பேச்சு. எங்களில் சிலர் பயிற்றுநர்களாகவும் சிலர் மத்தியஸ்தர்களாகவும் இருந்தவர்கள். வேறு சிலர் தெரிவுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தின் ஓரத்தில் வாங்கில் இருந்தவர்கள். வாங்கில் இருந்தவர்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும்.

முதலில் கணக்கு. ஓர் அணியில் 12 பேர். களத்தில் ஐவர், வாங்கில் எழுவர். வயது, பிறந்த ஆண்டைக் கொண்டு பார்க்கப்படுகிறது. 2027இல் நடக்கும் 16 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு 2011 ஜனவரி 1ஆந் திகதியும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள் தகுதியுடையவர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசியாவில் 16 வயதுக்குட்பட்ட மகளிர் போட்டி வழக்கமாக ஒற்றை எண் ஆண்டுகளிலும், 18 வயதுக்குட்பட்ட போட்டி இரட்டை எண் ஆண்டுகளிலும் வருகின்றன. 2011இல் பிறந்த பிள்ளைக்கு 2027இல் சரியாகப் பதினாறு. அவளுக்கு அது நல்ல வாய்ப்பு. 2012இல் பிறந்தவளுக்கு அப்போது பதினைந்துதான். அடுத்த முறை வரும்போது வயது கடந்துவிடும். அவளுக்குரிய ஆண்டு 2030, பதினெட்டு வயதுப் போட்டி. இதைத் தெரியாமல் "இந்த முறை எடுபடவில்லை, இனி அவ்வளவுதான்" என்று பந்தை வைத்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்கள் இன்னும் மூன்று வருடம் ஆடியிருக்க வேண்டியவர்கள்.

பிறந்த மாதமும் விளையாடும். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வயதுப் பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி இடையில் இருக்கிறது. தெரிவாளர்களின் கண் இயல்பாகவே மூத்தவளின் பக்கம் போகும். இது உலகம் முழுவதும் பல விளையாட்டுகளில் ஆராய்ந்து கண்ட விடயம். ஆகவே பதின்மூன்று வயதில் மெலிந்து நிற்கும் டிசம்பர்ப் பிள்ளையைப் பயிற்றுநர் விட்டுவிடக்கூடாது.

உயரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான். ஆகவே உயரம் முக்கியமில்லை என்று சொல்ல எங்களால் முடியாது. ஆனால் பெண் பிள்ளைகள் பையன்களைவிட முந்தி வளர்ந்து முந்தி நிற்பவர்கள். பதினைந்து வயதுப் பையன் இன்னும் எவ்வளவு வளருவான் என்று ஊகிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் பெரும்பாலும் தன் உயரத்தை எட்டிவிட்டாள். அவளில் இனி வளரக்கூடியது ஆட்டம். அனுபவமுள்ள தெரிவாளர் அளவுநாடாவோடு மட்டும் நிற்கமாட்டார். கையை உயர்த்தினால் எட்டும் தூரம், இரு கைகளையும் விரித்த அகலம், பாதம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது, இவற்றையும் பார்ப்பார்.

உயரமான பிள்ளையை எங்கள் சமூகம் எப்படி நடத்துகிறது என்பது வேறு கதை. வகுப்பில் கடைசி வாங்கு, புகைப்படத்தில் பின்வரிசை, வீட்டில் கல்யாணப் பேச்சில் ஒரு பெருமூச்சு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையான தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடி, 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் இங்கே வரக் காரணமாயிருந்ததன் பின்னர் அந்தப் பெருமூச்சு சற்றுக் குறைந்திருக்கிறது. குனிந்து நடந்த பிள்ளைகள் சிலர் நிமிர்ந்து நடக்கிறார்கள். அதற்கு நாங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர் ஆடியது எங்கள் விளையாட்டு இல்லாவிட்டாலும்.

வலைப்பந்தும் எங்கள் விளையாட்டின் பிள்ளைதான் என்பதை இளையவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். அமெரிக்காவில் ஸ்பிறிங்பீல்ட் நகரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இளைஞர்களுக்கென இந்த ஆட்டத்தை உருவாக்கினார். சில மாதங்களிலேயே சிமித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்கென மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியே ஓடக்கூடாது, பந்தைப் பறிக்கக்கூடாது என்று விதி வைத்தார். பெண் பிள்ளை களைத்துப் போவாள் என்று அக்காலத்தில் பயம். ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது 1976 மொன்றியலில்தான். எங்கள் பாட்டிமார் காலத்துப் பயம் நீங்க அவ்வளவு காலம் எடுத்தது.

இனித் தெரிவு நாளுக்கு வருவோம். ஓட்டம், பாய்ச்சல், கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பும் பயிற்சி எல்லாம் வைப்பார்கள். அவை ஒரு பிள்ளையை வெளியேற்றலாம், ஆனால் உள்ளே கொண்டு வருவதில்லை. உள்ளே கொண்டு வருவது ஐந்துக்கு ஐந்து ஆட்டம். அதில் முன்பின் தெரியாத நால்வரோடு நிற்க வேண்டும். பாடசாலைப் போட்டியில் தனியாக முப்பது புள்ளி எடுத்தவள் அங்கே தடுமாறுவாள். ஏனென்றால் பாடசாலையில் பந்து அவளைத் தேடி வந்தது. இங்கே அவள் பந்தில்லாமல் ஓடப் பழக வேண்டும். அணிக்கு ஏற்கெனவே புள்ளி எடுப்பவர்கள் நால்வர் கிடைத்திருந்தால், ஐந்தாவதாக எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை மறித்து நிற்கக் கூடியவளைத்தான் பயிற்றுநர் தேடுவார். பன்னிரண்டாவது இடத்துக்கு வருபவள் அனேகமாகத் திறமையில் பன்னிரண்டாமவள் அல்ல. களத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் முகம் சுருங்காமல் ஆடுபவள்.

இன்னொரு குறை எங்கள் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொது. வெற்றி பெறுவதற்காகச் சின்ன வயதிலேயே வலயத் தடுப்பு பழக்கிவிடுகிறோம். உயரமான இரண்டு பேரை வளையத்தின் கீழ் நிறுத்தினால் மாகாணப் போட்டி வெல்லலாம். ஆனால் ஆளுக்கு ஆள் மறித்து ஆடத் தெரியாத பிள்ளை தேசியத் தெரிவில் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுப் போகிறாள். அதேபோல மகளிருக்கு உரியது 6ஆம் இலக்கப் பந்து. 7ஆம் இலக்கப் பந்தில் பழகிய கையோடு போனால் முதல் ஐந்து எறிகையும் வளையத்துக்கு அப்பால் போய் விழும். புதுப் பந்து வாங்கப் பணமில்லை என்பது காரணம். அந்தக் காரணத்தை நாம் நீக்கலாம். சப்பாத்தும் அப்படியே. சீமெந்துத் தளத்தில் தேய்ந்த சப்பாத்தோடு பாய்ந்து இறங்கும் பிள்ளையின் முழங்கால் எவ்வளவு காலம் தாங்கும்? முழங்கால் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். முழங்கால் உள்நோக்கிச் சாயாமல், மடித்து, இரு காலிலும் மெதுவாக இறங்கப் பழக்கினால் அது குறையும். கிழமைக்கு மூன்று நாள், கால்மணி நேரம் போதும்.

ஆனால் எங்களை அதிகம் வருத்துவது இவை ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள் களத்தில் பேசுவதில்லை.

தடுப்பாட்டம் என்பது பாதி வாய். பின்னால் மறிப்பு வருகிறதென்று தோழிக்குச் சொல்ல வேண்டும். ஆள் மாறுகிறோம் என்று கத்த வேண்டும். உதவிக்கு நிற்கிறேன் என்று கேட்க வைக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் கிளிகள் போலக் கத்தும் பிள்ளைகள் கொழும்பில் தெரிவு முகாமில் ஊமைகளாகி விடுகிறார்கள். சுற்றிலும் சிங்களம். பிழையாகச் சொல்லி விடுவோமோ என்ற கூச்சம். தெரிவாளரின் தாளில் "பேசுவதில்லை, ஆர்வம் குறைவு" என்று விழுந்து விடுகிறது. ஆர்வத்தில் குறையில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது. உண்மையில் களத்தில் தேவைப்படும் சொற்கள் ஸ்கிரீன், ஸ்விட்ச், ஹெல்ப், போல் என்று முப்பதைத் தாண்டாது, அனேகமானவை ஆங்கிலம். அவற்றை எமது பயிற்சியில் இப்போதே பாவிக்க வேண்டும். கூடவே இடம், வலம், பின்னால், கவனம், நில் என்பவற்றைச் சிங்களத்தில் சொல்லப் பழக்கினால், இரண்டு கிழமையில் பிள்ளையின் வாய் திறக்கும். முகாம் முடிந்து வரும்போது அவளுக்கு மாத்தறையிலும் கண்டியிலும் தோழியர் இருப்பார்கள்.

இந்த மண்டபத்தில் தெரிவுக்குப் போகவே முடியாமல் போன ஒரு தலைமுறை இருக்கிறது. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்ப வந்தது 2014 ஒக்டோபரில். ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் பதினைந்து, பதினாறு வயதாயிருந்தவர்கள் நல்லவர்களா, மிக நல்லவர்களா என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இப்போது பாதை திறந்திருக்கிறது. பஸ் இரவு புறப்பட்டு விடியக் கொழும்பு போய்ச் சேருகிறது. காலை எட்டு மணிக்குத் தெரிவு. நித்திரையில்லாத கால்களோடு, வீட்டில் தூங்கி எழுந்து வந்த பிள்ளைகளுக்கு எதிராக ஆட வேண்டும். முதல் நாளே போய்த் தங்க ஓர் இடம் இருந்தால் இது பிரச்சினையே இல்லை.

பெற்றோரின் தயக்கத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பதினாறு வயது என்பது சாதாரண தரப் பரீட்சை, பதினெட்டு உயர்தரம். பல்கலைக்கழக அனுமதியில் புறக்கிருத்தியங்களில் மிகத் திறமை காட்டியோருக்கு ஒரு சிறு விசேட வழி இருக்கிறதென்றாலும், பரீட்சையில் சித்தி பெறாமல் அது உதவாது. ஆகவே முகாமுக்குப் போகும் பிள்ளையின் கொப்பிகளும் கூடப் போக வேண்டும். அடுத்தது பாதுகாப்பு. பிள்ளையோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார், எங்கே படுக்கிறார்கள், தொலைபேசி எப்போது கையில் இருக்கும் என்று ஒரு தாய் கேட்டால் அது அவமரியாதை இல்லை. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒழுங்காக நடத்தப்படும் முகாமில் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். எமது முஸ்லிம் சகோதரிகளின் பெற்றோருக்கும் ஒன்று: தலையை மூடி ஆடுவதற்கிருந்த தடையைச் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலேயே நீக்கிவிட்டது. அந்தக் காரணத்துக்காக இனி ஒரு பிள்ளையும் பந்தை வைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுத் தோழியர் பலர் கேட்கும் கேள்விக்கு வருகிறோம். "ரொறன்ரோவில் என்ரை மகள் நல்லாய் ஆடுகிறாள், இலங்கைக்கு ஆடலாமோ?" ஆடலாம். கடவுச்சீட்டு வேண்டும். அதை எந்த வயதில் பெற்றாள் என்பதும் வேண்டும். சம்மேளனத்தின் விதிப்படி, ஒரு நாட்டின் குடியுரிமையைப் பதினாறு வயதுக்குப் பின் பெற்றவர்களில் ஒருவர் மட்டுமே ஓர் அணியில் இடம்பெறலாம். பிறப்பால் உரிமை இருந்தும் பதினாறு வரை அதைக் கோராமல் விட்டவளுக்கும் அதே விதி. அதாவது பதினைந்தில் விண்ணப்பித்து முடித்தால் அவள் மற்றவர்களைப் போல ஒருத்தி. பதினேழில் விண்ணப்பித்தால் ஒரே ஓர் இடத்துக்கு உலகெங்குமுள்ள எல்லோரோடும் போட்டி. மகள் பிறந்தபோது நீங்கள் இலங்கைப் பிரசையாக இருந்தீர்களா, பிறப்பை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்தீர்களா என்று இன்றிரவே கடதாசிகளைப் பாருங்கள். இன்னொன்று: பதினேழு வயதுக்குப் பின் ஒரு நாட்டுக்காக முக்கிய சர்வதேசப் போட்டியில் ஆடிவிட்டால், பொதுவாக வேறு நாட்டுக்கு மாற முடியாது. அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டாம்.

ஒரு வார்த்தை இங்குள்ள பிள்ளைகளுக்காகவும். வெளியிலிருந்து வருபவள் நல்ல தளத்தில், நல்ல சப்பாத்தோடு பழகியவள். அவள் வருவதால் இங்கே ஒருத்தியின் இடம் போகும். அது விளையாட்டின் நியாயம்தான். ஆனால் மகளை அனுப்பும் தாய், அதே ஆண்டில் இங்குள்ள ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தும் பந்தும் பயணச் செலவும் கொடுத்தால் எங்கள் மனம் ஆறும்.

இனி வேலை. மண்டப வாசலில் மேசையில் இரண்டு கொப்பிகள் வைத்திருக்கிறோம். நீலக் கொப்பியில், கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஓர் இரவு இரண்டு பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் தங்க வைக்கக்கூடியவர்கள் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். சாப்பாடு பிட்டும் சம்பலும் போதும். சிவப்புக் கொப்பியில், 6ஆம் இலக்கப் பந்தும் சப்பாத்தும் கொடுக்க விரும்புவோர் எழுதலாம். சப்பாத்தின் அளவுகள் முதற் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. சிங்களம் நன்கு தெரிந்த ஓர் அக்கா சனிக்கிழமை காலைகளில் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளோடு கத்த முடியுமானால், அவரும் சிவப்புக் கொப்பியிலேயே எழுதட்டும். இதனை மலரில் வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதினால் நாங்கள் கொப்பியில் சேர்த்துக்கொள்வோம்.