நாட்டிய ஆடையைப் பேணுதல்

என் தமக்கையாரின் பரதநாட்டிய அரங்கேற்றத்திற்கென்று எங்கள் அன்னையார் தம்முடைய திருமணக் கூறைப் புடவையைத் தையற்காரரிடம் வெட்டக் கொடுத்தார். அரக்கு நிறத்துக் காஞ்சிபுரம் பட்டு. ஒரு சாண் அகலம் சரிகைக் கரை. வெட்டும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால், அந்த ஆடையணிந்து தமக்கையார் மேடையில் நின்றபோது அவர் அடைந்த மகிழ்ச்சி அதனினும் பெரிது.

அன்றிரவு வீடு நிறைய விருந்தினர். களைத்திருந்த தமக்கையார் ஆடையைக் களைந்து வைத்தார். வியர்வை ஈரம் உலரும் முன்பே யாரோ அதனைச் சுருட்டி, ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, பிளாஸ்டிக் பையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மேலாக்கை மட்டும் எங்கள் பாட்டியார் எடுத்துச் சென்றார். இரவு முழுதும் அதனை உள்ளறைக் கொடியில் உலரவிட்டு, மறுநாள் பாட்டனாரின் பழைய வேட்டியொன்றில் சுற்றித் தம் பெட்டியில் வைத்தார்.

எட்டுத் திங்கள் கழித்து, அடுத்த நிகழ்ச்சிக்காகப் பெட்டியைத் திறந்தோம். ரவிக்கையின் அக்குளில் சரிகை கறுத்துக் கிடந்தது. பட்டு வெளுத்து, தொட்டால் இற்றுவிடும் நிலையில் இருந்தது. விசிறி மடிப்பின் குறுக்கே, ரப்பர் வளையம் இருந்த இடத்தில், கரியால் கோடிழுத்தாற்போல ஒரு தழும்பு. பாட்டியார் எடுத்து வந்த மேலாக்கோ புதுக்கருக்கு அழியாமல் பளபளத்தது.

மாணவ நண்பர்களே, ஒரே தறியில் நெய்த ஒரே புடவையின் இரு துண்டுகள் அவை. ஒன்று கெட்டது; மற்றொன்று பிழைத்தது. இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், சரிகை என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

சரிகையைப் பொன்னிழை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பொன் போர்த்த வெள்ளி. நடுவில் ஒரு பட்டு இழை; பெரும்பாலும் சிவப்புச் சாயம் தோய்த்தது. அதன்மேல், தட்டையாக்கிய மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அந்த வெள்ளியின்மேல் பொன் முலாம் ஏற்றுகிறார்கள். குஜராத்திலுள்ள சூரத்து நகரம் நெடுங்காலமாக இத்தொழிலில் பெயர் பெற்றது. காஞ்சிபுரத்து நெசவாளரின் தேவையைக் கருதித் தமிழ்நாடு அரசும் 1971-இல் சரிகை உற்பத்திக்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது.

எனவே, ஒரு சரிகை இழைக்குள் பட்டு, வெள்ளி, பொன் ஆகிய மூன்று பொருள்கள் உள்ளன. பொன்னுக்குப் பகை குறைவு. ஆனால் அந்த முலாம் மிக மிக மெல்லியது; நுண்ணிய துளைகளும் கீறல்களும் உடையது. அவற்றின் வழியே காற்று வெள்ளியைத் தொடுகிறது. காற்றில் கந்தகம் கலந்திருந்தால் வெள்ளி அதனோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் கரிய பொருளாகிறது. வேகவைத்த முட்டையில் பட்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். முட்டையிலுள்ள கந்தகமே அதற்குக் காரணம். ரப்பரை உறுதிப்படுத்தவும் கந்தகம் சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டு ஆடையில் கோடிழுத்தது அந்தச் சிறு வளையத்தில் இருந்த கந்தகந்தான். கம்பளித் துணியிலும், பட்டாசுப் புகையிலும், போகியன்று எரிக்கும் குப்பையின் புகையிலும் கந்தகம் உண்டு. ஈரம் சேர்ந்தால் இவ்வினை இன்னும் விரைவாக நடைபெறும்.

இரண்டாவது பகை வியர்வை. அதிலுள்ள உப்பு வெள்ளியைத் தாக்குகிறது. அதன் அமிலத்தன்மை பட்டின் வலிமையையும் சாயத்தையும் கெடுக்கிறது. இரண்டு மணி நேரம் விளக்கொளியில் ஆடுபவரின் ஆடை எவ்வளவு வியர்வை குடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பகை மடிப்பு. ஒரு கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது ஒடிந்துவிடும் அன்றோ? சரிகையும் அவ்வாறே ஒரே மடிப்பில் கிடந்தால் விரிசல் காணும்.

நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆயினும் அவர்கள் அறிந்தது புடவை. முற்காலத்தில் நாட்டியம் ஆடியவர்கள் புடவையையே ஆடலுக்கேற்பக் கொசுவி உடுத்தினர். ஆடி முடித்ததும் அதனைப் பிரித்து உதறி, முழுத் துணியாகக் காற்றாட விட முடிந்தது. ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் மேடையேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய காலத்தை ஒட்டித் தைத்த ஆடை பரவலாயிற்று. பைஜாமா, விசிறி, இடுப்புத் துண்டு, மேலாக்கு, ரவிக்கை என அது பல துண்டுகளானது. அழகும் வசதியும் பெருகின. ஆனால், தைத்துவிட்ட விசிறி மடிப்பைப் பிரித்து உலர்த்த இயலாது. உள்ளே ஈரம் தங்கும். ஆகவே, புடவைக்குக் காட்டியதைக் காட்டிலும் மிகுந்த கவனத்தை இவ்வாடைக்குக் காட்டுதல் வேண்டும்.

அந்தக் கவனம் தொடங்க வேண்டியது பெட்டியருகில் அன்று, ஒப்பனை அறையில். ஆட்டம் முடிந்ததும் முதலில் நகைகளையும் பூவையும் நீக்குக. கல் பதித்த ஒட்டியாணத்தின் விளிம்பு சரிகை இழையைப் பற்றி இழுத்துவிடும். ஆடையின் உட்புறம் வெளியே வருமாறு திருப்புக. வீட்டில், வெயில் படாத அறையில், தடித்த துணி சுற்றிய மூங்கிலின்மீது ஓர் இரவு முழுதும் காற்றாட விடுக. விசிறியின் மடிப்புகளைக் கையால் மெல்ல அகற்றி வைத்தல் நன்று. இரும்பு ஆணியில் மாட்டினால் துருக்கறை படியும். வெயிலில் உலர்த்தினால் சாயம் வெளிறும். வியர்வைக் கறை உள்ள இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கறை நிலைத்துவிடும். ரவிக்கையின் அக்குளில் தனியே கழற்றக்கூடிய பருத்திப் பட்டையை முன்பே தைத்துக்கொண்டால், அதை மட்டும் துவைத்துப் போடலாம்.

நன்றாக உலர்ந்த பின்னரே மடித்தல் வேண்டும். கஞ்சி போடாது துவைத்த பழைய பருத்தி வேட்டி இதற்கு மிகச் சிறந்தது. அது மென்மையானது, ஈரத்தை உறிஞ்சும், காற்றை விடும். பிளாஸ்டிக் பையோ ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். குறுக்கே மடிக்கும் இடத்தில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்புக் கூர்மையாக விழாது. சரிகையும் சரிகையும் உரசாதவாறு இடையில் ஒரு துணி இடுக. விசிறியைக் கட்ட வேண்டுமாயின் பருத்தி நாடாவால் தளரக் கட்டுக. கனமான ஆடையை ஆண்டுக்கணக்கில் தொங்கவிடுதலும் ஆகாது. தன் எடையாலேயே தையல் விட்டுப்போகும்.

பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டையை மடிப்புக்குள் போடுவோர் பலர். அது துணியையும் சரிகையையும் தொடுதல் கூடாது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு முதலியவற்றைப் பொடித்துத் துணி முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய முடிச்சொன்றைப் பெட்டியின் மூலையில், ஆடையைத் தொடாமல் வைக்கலாம். எனினும், வியர்வையும் அழுக்கும் படிந்த பட்டையே பூச்சி முதலில் நாடும் என்பதை மறவாதீர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். தீபாவளியன்றும் போகியன்றும் அது மூடியே இருக்கட்டும். பொங்கல் கழிந்து, தை, மாசியில் காற்று உலர்ந்திருக்கும்போது வெளியே எடுத்து, நிழலில் சற்று நேரம் விரித்து, முன்பிருந்த மடிப்பை மாற்றி மடித்து வைப்பது முறை.

இத்தனைக்குப் பிறகும் சரிகை கறுத்தால் என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாதிருப்பதே நலம். எங்கள் அன்னையார் வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோலத் திருநீற்றைத் தொட்டு அந்த ரவிக்கையின் சரிகையைத் தேய்த்தார். கறுப்பு போயிற்று, அதனோடு பொன்னும் போயிற்று. வெளிறிய வெள்ளிக் கம்பி மட்டும் எஞ்சியது. இரண்டொரு இடங்களில் அதுவும் அறுந்து, உள்ளேயிருந்த சிவப்புப் பட்டு தெரிந்தது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு உரியவை, பட்டுக்கு அல்ல. கறை மிகுந்தால், பட்டின் இயல்பு அறிந்த தொழிலாளரிடம் காட்டுவதே தக்கது.

அந்த ரவிக்கையைத் தமக்கையார் பின்னர் அணியவில்லை. மேலாக்கை மட்டும் பல ஆண்டுகள் வேறு ஆடைகளோடு சேர்த்து அணிந்தார். சென்ற ஆண்டு அவருடைய பேத்தி முதன்முதலாகச் சலங்கை கட்டினாள். அந்த மேலாக்கை அவளுக்கு அணிவித்து ஆடவிட்டோம். ஆட்டம் முடிந்து அவள் ஓடிவந்தபோது, தமக்கையார் பாராட்டுவதற்கு முன்பே மேலாக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அன்றிரவு எங்கள் வீட்டு உள்ளறைக் கொடியில் அது மீண்டும் காற்றாடிக்கொண்டிருந்தது.