சொந்தக் காலில் நிற்றலும் தேவனில் சார்ந்திருத்தலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்து, இன்றும் எம்மோடு வந்து அமர்ந்திருக்கும் சைவத் தோழிகளே! நாம் பேசப்போவது கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது. ஆனாலும் இதில் வரும் நோவு எம்மெல்லோருக்கும் பொதுவானது.

இந்தப் பாடசாலையில் நாம் இரண்டு பாடங்களைக் கற்றோம். முதலாவது, பெண்பிள்ளை சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது. விடுதியில் எமது உடுப்பை நாமே தோய்த்தோம். கிணற்றில் நாமே தண்ணீர் அள்ளினோம். வகுப்பறையை நாமே கூட்டினோம். விவாத மேடையில் ஏறினால் தாளைப் பார்க்காமல் பேச வேண்டும். இரண்டாவது பாடம் சிற்றாலயத்தில் கிடைத்தது. மணி அடித்ததும் முழந்தாளிட்டு, எம்மால் ஒன்றும் ஆகாது ஆண்டவரே, நீரே எல்லாம் என்று சொன்னோம். காலையில் ஒரு பாடம், மாலையில் மற்றப் பாடம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்று அந்த வயதில் எமக்குத் தோன்றவில்லை. பின்னர் தோன்றியது.

எமக்கு முன்னிருந்தவர்களுக்கு இந்த மோதல் இருந்ததாகத் தெரியவில்லை. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, எமது ஊர்களில் பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். 1840 இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார், பெற்றோரை அவர்கள் கண்மூடும்வரை பராமரித்துவிட்டுத் தனியாகக் கப்பலேறியவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பாடசாலையை நடத்தினார். ஒரு தடவையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். குடும்பத்தின் துணையின்றி ஒரு பெண் அப்படி நின்றதை இன்று நாம் சுதந்திரம் என்போம். அவரோ தேவனைச் சார்ந்திருந்ததால்தான் நிற்க முடிந்தது என்றே கருதி வாழ்ந்தார்.

1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களையும் நினைக்கிறோம். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட எம்மவரை வைத்தியர்களாக்கினார். தன்னை என்றும் நம்பியிருக்கும் மாணவர்களை அவர் விரும்பவில்லை. தன்னுடைய மொழியில் படித்துத் தன் ஊரிலேயே வைத்தியம் செய்யக்கூடியவர்களை உருவாக்கினார். நல்ல ஆசான் மாணவனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறான். தேவனும் அப்படித்தான். அவரிடம் சாய்ந்தவர்கள் கூன் விழுந்து போவதில்லை.

இதைக் கற்றுக்கொள்ள எமது தலைமுறைக்கு நீண்ட காலம் எடுத்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை இந்த மண்டபத்திலுள்ள பலர் மறந்திருக்க முடியாது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. சைக்கிளில் அரிசிப் பையும் அப்பாச்சியும். எமது கையில் புத்தகப் பை. தென்மராட்சியில் முன்பின் அறியாதவர்களின் திண்ணையில் படுத்தோம். அவர்கள் தந்த தண்ணீரைக் குடித்தோம். நிவாரண வரிசையில் கோப்பையோடு நின்றோம். அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் நாம். அந்த வரிசையில் நின்றபோது மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தோம். இனி ஒருவரிடமும் கை நீட்டுவதில்லை. படித்து, உழைத்து, யாரிடமும் எதுவும் கேட்காத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்தச் சபதம் எம்மைக் குப்பி விளக்கில் படிக்க வைத்தது. பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. அதற்காக நன்றி சொல்கிறோம். ஆனால் எந்த மருந்துக்கும் ஒரு பக்க விளைவு உண்டு. கை நீட்டுவதில்லை என்று முடிவெடுத்த கை, கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டவரிடமும் நீளாமற்போனது. ஜெபித்தோம், ஆலயத்துக்குப் போனோம், காணிக்கை போட்டோம். ஆனால் கேட்கவில்லை. முடித்த காரியங்களை அவரிடம் அறிக்கையாகச் சமர்ப்பித்தோம், அவ்வளவுதான்.

அது எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

வைத்தியப் பயிற்சிக் காலம். ஒரு வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் இரவுக் கடமையில் இருந்தவர்கள் நாங்கள் இருவர். இருவருமே இந்தப் பாடசாலையின் பிள்ளைகள். நள்ளிரவு கடந்து ஒரு இளம் தாய்க்குத் தலைப்பிள்ளை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. ஆனால் தாயின் கருப்பை இறுகவில்லை, இரத்தப்போக்கு நிற்கவில்லை. கொடுக்க வேண்டிய மருந்துகளைக் கொடுத்தோம். வயிற்றின்மேல் கை வைத்துக் கருப்பையைப் பிசைந்தோம். துணிகள் நனைந்துகொண்டே இருந்தன. அருகில் நின்ற மருத்துவமாது எங்கள் தாய்மாரின் வயதுடையவர். மெதுவாகக் கேட்டார்: “டொக்டர் பிள்ளையள், பெரிய டொக்டருக்கு ஒருக்கால் சொல்லுவமே?”

“இன்னும் கொஞ்சம் பாப்பம், மிஸி” என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? நிபுணரை நித்திரையால் எழுப்பினால் இதுகூடத் தெரியாதா என்று கேட்பார் என்ற பயம். அதற்கும் அடியில் அந்தப் பழைய சபதம். அந்த நேரத்தில் நாங்கள் ஜெபிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஜெபித்தோம். ஆண்டவரே, இரத்தத்தை நிறுத்தும் என்று உள்ளுக்குள் கெஞ்சினோம். ஆனால் தொலைபேசியை எடுக்கவில்லை. எமது ஜெபத்துக்கான பதில் ஏற்கெனவே அந்த மருத்துவமாதின் வாயிலிருந்து வந்துவிட்டது என்பதை விளங்கிக்கொள்ளவும் இல்லை.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் அழைத்தோம். நிபுணர் சில நிமிடங்களில் வந்தார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். தாயின் உயிரைக் காப்பாற்றக் கருப்பையை அகற்ற வேண்டியதாயிற்று. விடியப்புறம் கை கழுவிக்கொண்டு நின்ற அவரிடம் என்ன ஏச்சு வாங்கப்போகிறோமோ என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் ஏசவில்லை. களைத்த குரலில், “கூப்பிட்டிருக்கலாமே பிள்ளையள், அதுக்குத்தானே நான் இருக்கிறன்” என்றார்.

முன்கூட்டியே அழைத்திருந்தால் அந்தக் கருப்பை தப்பியிருக்குமா? உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. அடுத்த நாள் அந்தத் தாய் எங்கள் கைகளைப் பிடித்து, உயிரைத் தந்தீர்கள் என்று நன்றி சொன்னார். அந்த நன்றி இன்றும் எங்கள் கைகளில் சுடுகிறது.

அதுக்குத்தானே நான் இருக்கிறன். அன்று முதல் வேதாகமத்தைத் திறக்கும்போதெல்லாம் இந்த வார்த்தையே எமக்குக் கேட்கிறது. பவுல் தன் சரீரத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை கிடைத்தது. தன் பலவீனத்திலேதான் கிறிஸ்துவின் பலம் வந்து தங்குகிறது என்று கண்டுகொண்டார். திராட்சைச் செடியையும் கொடியையும் பற்றி ஆண்டவர் சொன்னதும் இதுவே. கொடி காய்ப்பது தன் கெட்டித்தனத்தால் அல்ல, செடியில் நிலைத்திருப்பதால்.

அந்த ஆண்டவரைப் பாருங்கள். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர் அவர். பிறருடைய படகில் இருந்து போதித்தார். தம்மோடு வந்த பெண்களின் சொந்தப் பணத்தால் போஷிக்கப்பட்டார். பிறருடைய மேல்வீட்டறையில் பஸ்கா புசித்தார். சிலுவையில் தாகம் என்றார். பிறருடைய கல்லறையில் கிடத்தப்பட்டார். எல்லாவற்றுக்கும் ஆண்டவர் வாங்கி உண்ண வெட்கப்படவில்லை, நாம் வெட்கப்படுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் ஒரு வைத்தியராக நாம் கடமை தவறியவராவோம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, மார்பிலிருந்த கட்டியை மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்து, பிந்தி வரும் சகோதரிகளை எமது கிளினிக்கில் காண்கிறோம். குணமாகிவிட்டேன் என்று நம்பி நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வருபவர்களையும் காண்கிறோம். அவர்களை நாம் ஏளனம் செய்வதில்லை. பெரும்பாலும் அவர்களது விசுவாசத்துக்கு அடியில் இருப்பது பயம். எமது தன்னம்பிக்கைக்கு அடியில் இருந்ததும் அதே பயம்தான். வனாந்தரத்தில் மன்னாவைப் பொழிந்தவர் தேவன்; ஆனால் ஒவ்வொரு காலையும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து குனிந்து பொறுக்க வேண்டியவர்கள் மக்கள். குனியாதவர்களுக்கு உணவில்லை. நாளைக்கென்று பதுக்கியவர்களுக்குக் கிடைத்ததோ புழு. சார்ந்திருத்தல் என்பது சோம்பியிருத்தல் அல்ல. அன்றாடம் போய் அன்றாடம் பெற்றுக்கொள்வது.

எமது இருதயமே இதற்குச் சாட்சி. அது யாரும் ஏவாமல் தானாகவே துடிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை. உடல் முழுவதுக்கும் இரத்தம் அனுப்புகிறது. ஆனால் தன் அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், அதன் தடித்த தசை அந்த இரத்தத்தை நேரே எடுத்துக்கொள்வதில்லை. வெளியே சுற்றிவரும் முடியுரு நாடிகள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு விசேடம்: இருதயம் இறுகி உழைக்கும்போது அந்த நாடிகள் நெரிபடுகின்றன, அது தளர்ந்து ஓயும்போதுதான் இடது பக்கத் தசைக்குப் பெரும்பங்கு இரத்தம் போய்ச் சேர்கிறது. ஓயாத இருதயம் பட்டினி கிடக்கும். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்து, தான் பெற்றுக்கொள்ள ஒரு கணமும் ஓயாத பெண்களை எமது சங்கத்தில் எத்தனை பேரை அறிவோம்! ஓய்வுநாளும் ஜெபவேளையும் உழைத்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசல்ல. உழைப்பவளுக்கு ஊட்டம் போகும் வழி அதுதான்.

வற்றாத ஆறில்லாத குடாநாட்டுப் பிள்ளைகள் நாம். வீட்டுக்கொரு கிணறு, எங்கட கிணறு, எங்கட தண்ணி என்று பெருமை பேசுவோம். ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர் முழுவதும் மாரி மழை தந்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறி வருகிறது. அயலான் கிணறும் கெடுகிறது. கிணறு எமது. தண்ணீர் வானத்தினது. இதை அறிந்தவன் கிணற்றைத் தூர்ந்துபோக விடமாட்டான். வாளியோடு வந்தவனைத் துரத்தவும் மாட்டான்.

அன்பான அக்காமாரே, உங்களில் பலர் இன்று தனியாக இருக்கிறீர்கள். பிள்ளைகள் கனடாவில், லண்டனில், சிட்னியில். கிளினிக்கில் என்ன செய்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லைப் பிள்ளை என்கிறீர்கள். நெஞ்சு நோவைக்கூடச் சொல்லாமல், ஒருத்தருக்கும் பாரமாய் இருக்கக்கூடாது என்கிறீர்கள். எமக்குச் சொந்தக் காலில் நிற்கச் சொல்லித்தந்தவர்கள் நீங்கள். இப்போது கைபிடித்து நடக்கவும் நீங்களே சொல்லித்தர வேண்டும். பாரமாயிருக்க மாட்டோம் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்தால், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் எழுதியதை யார்தான் நிறைவேற்றுவது?

புலம்பெயர்ந்த தோழிகளே, 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நீங்கள் அனுப்பிய பொதிகளை நாம் கை நீட்டி வாங்கினோம். தென்மராட்சி வரிசையில் நின்ற அதே கை. இந்த முறை வெட்கம் வரவில்லை. வாங்குகிற கையும் தேவன் படைத்ததே என்று அறிய எமக்கு இத்தனை ஆண்டுகள் எடுத்தன.

மாணவிகளே, நன்றாகப் படியுங்கள். தொழிலைத் தேடுங்கள். உங்கள் கையெழுத்தை நீங்களே வையுங்கள். எவருக்கும் அடிமையாக இராதீர்கள். தேவனை மட்டுமே சார்ந்திருப்பவள் மற்ற எந்தப் பயத்துக்கும் அடிமையாவதில்லை. அதுவே எமக்கு வாக்களிக்கப்பட்ட சுதந்திரம். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தெரியாத ஒன்று வந்தால் அழையுங்கள். மனிதரையும் அழையுங்கள், ஆண்டவரையும் அழையுங்கள். அதுக்குத்தானே நான் இருக்கிறன் என்று சொல்பவர் உறங்குவதில்லை.

அடுத்த நூறாண்டுகளுக்குள் நுழையும் எமது சங்கத்தையும் பாடசாலையையும் ஆண்டவர் தமது கரத்தில் தாங்குவாராக. ஆமென்.