அப்பா என்ன வேலை செய்யிறவர்?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. ஊரில ஏ.எல். வரைக்கும் படிச்சனான். இங்கே நியூ ஜேர்சியில ஒரு பக்டரியில இரவு வேலை. "பெற்றாரும் பிள்ளைகளும்" என்ற தலைப்பில் பத்து நிமிசம் கதைக்கச் சொல்லிச் சங்கத்தார் கேட்டார்கள். அறிஞர்கள் எழுதின புத்தகங்களைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. ஆனபடியால் மகளோட இருந்து பார்த்த ஒரு யப்பான் கார்ட்டூன் தொடரைப் பற்றிச் சொல்லப் போறன். சிரிக்க வேண்டாம். சிரிச்சாலும் பரவாயில்லை, அது சிரிப்புப் படம்தான்.

அதின்ர பெயர் 'ககுஷிகொத்தோ'. கூமெத்தா கோஜி என்ற சித்திரக்கதைக்காரர் 2015 தொடக்கம் 2020 வரை ஒரு மாத இதழில் கீறி வந்த கதை. 2020 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை 12 பகுதிகளாக யப்பான் தொலைக்காட்சியில் வந்தது. அமெரிக்காவில் இதை வெளியிட்டது ஃபனிமேஷன் என்ற கொம்பனி. ரெக்சாஸில் இருந்து வந்திருக்கும் உறவுகள் சந்தோஷப்படலாம், அது 1994இல் உங்கட மாநிலத்தில தொடங்கினது. பிறகு 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த கிரஞ்சிரோலோடு சேர்ந்தது.

கதை இதுதான். கொத்தோ ககுஷி என்று ஒரு தகப்பன். பத்து வயசில ஹிமே என்று ஒரு மகள். ஹிமே என்றால் இளவரசி. தாய் வீட்டில இல்லை. தகப்பனுக்குத் தொழில் சித்திரக்கதை கீறுறது. அதுவும் கொஞ்சம் கூச்சப்படுற மாதிரியான பகிடிக் கதைகள். இது மகளுக்குத் தெரிஞ்சால் பிள்ளை பள்ளிக்கூடத்தில தலை நிமிர்ந்து நடக்க ஏலாது என்று மனுசனுக்குப் பயம். ஆனபடியால் காலமை கோட்டும் ரையும் கட்டி, கந்தோருக்குப் போற பெரிய மனுசன் மாதிரி வெளிக்கிடுவார். வழியில ஒரு உடுப்புக் கடைக்குள்ள பூந்து, ரீ-சேட்டும் அரைக் காற்சட்டையும் மாத்திக்கொண்டு வேலைக்குப் போவார். திரும்பி வரேக்க மறுபடியும் கோட்டு. அவருக்குக் கீழ நாலு உதவியாளர்கள். முதலாளியின்ர ரகசியம் வெளியில வராமல் பார்க்கிறதே அவையளுக்கு அரைவாசி வேலை.

யப்பான் மொழியில ககுஷிகொத்தோ என்றால் மறைச்சு வைச்ச சங்கதி. அதையே வேற மாதிரிப் பிரிச்சால் 'கீறுற வேலை' என்று வரும். தகப்பனின்ர பெயரைத் திருப்பிப் போட்டாலும் இதே சொல்தான். மறைக்கிறதே மனுசனின்ர பெயராய்ப் போச்சுது பாருங்கோ.

இதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரிச்சவள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உடுப்பு மாத்திற இடம் வரேக்க வேற ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்களுக்குள்ள ஒரு அண்ணர் இருந்தார். பெயர் வேண்டாம், உங்களில கனபேருக்குத் தெரியும். ஊரில படிப்பிச்சவர். இங்க பெற்றோல் நிரப்புற வேலை. வேலை முடிஞ்சால் காருக்குள்ளேயே சேட்டை மாத்தி, கைக்கு வாசனைச் சவுக்காரம் போட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார். மகளிட்ட "கந்தோர்" என்றுதான் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு காரின்ர பின்பெட்டியைத் துறந்த பிள்ளை, எண்ணெய்க் கறை பிடிச்ச அந்தச் சேட்டைக் கண்டது. அதைத் தோய்ச்சு, மினுக்கி, அவருடைய ஆசிரியர் நியமனக் கடிதத்தோட சேர்த்து அலுமாரியில வைச்சிருக்குது. "எனக்கு முந்தியே தெரியும் மாமா, அப்பா சங்கடப்படுவார் என்றுதான் கேக்கேல்லை" என்று என்னட்டச் சொன்னது.

பிள்ளையளுக்குத் தெரியும். இதை வைச்சே இன்னொரு தொடர் இருக்குது, 'ஸ்பை ஃபமிலி', 2022இல் வந்தது. தகப்பன் உளவாளி, தாய் கூலிக்குக் கொல்லுற ஆள். ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மறைக்கினம். அவை எடுத்து வளர்க்கிற ஆன்யா என்ற சின்னப் பிள்ளைக்கு மற்றவையின்ர மனசை வாசிக்கிற சக்தி. எல்லாம் தெரிஞ்சுகொண்டு, வாயைத் துறக்காமல் இருந்து கச்சான் சாப்பிடுது. எங்கட வீடுகளிலயும் ஆன்யாமார் இருக்கினம். தகப்பனின்ர கையைப் பார்த்தாலே அவைக்கு விளங்கும். அவை கேக்காமல் இருக்கிறது எங்களுக்காக.

2020இல் கொரோனா வந்தபோது கந்தோர்க்காரர் வீட்டில இருந்து வேலை செய்தினம். அவையின்ர பிள்ளையள் தகப்பனின்ர வேலையைக் கண்ணால கண்டதுகள். நாங்கள் மிசினை வீட்டுக்குக் கொண்டு வர ஏலுமோ? முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு போனம், வந்தம், படுத்தம். என்ர மகள் பள்ளிக்கூடத்தில "அப்பாவின் தொழில்" என்ற இடத்தில என்ன எழுதினவள் தெரியுமோ? "பகலில நித்திரை கொள்ளுறது." ரீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரமும் போட்டு விட்டவ.

அதுக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு போத்தல் மூடியைக் கொண்டுவந்து காட்டினன். "கடையில இந்த மூடியோட மருந்துப் போத்தலைக் கண்டால், அது அப்பா நிண்ட மிசினில அடைச்சதாயும் இருக்கலாம்" என்று சொன்னன். இப்ப கடைக்குப் போனால் அவள் ஒவ்வொரு போத்தலாய்த் தூக்கிப் பார்க்கிறாள். வெளிக்கிட அரை மணித்தியாலம் பிந்துது.

வேலை ஒரு பங்குதான். நாங்கள் மறைக்கிறதில பெரிய பங்கு ஊர்ச் சங்கதி. ஏன் வந்தனாங்கள், ஆரை விட்டிட்டு வந்தனாங்கள், எந்தப் பாதையால வந்தனாங்கள். பிஞ்சு மனசு நோகும் என்றுதான் சொல்லாமல் விடுகிறோம், அது பாசம்தான். கொத்தோ மறைச்சதும் பாசத்தாலதான். ஆனால் அந்தக் கதை இடைக்கிடை எட்டு வருசம் முன்னால போகும். ஹிமேக்கு அப்ப 18 வயசு. கமக்குரா என்ற கடற்கரை ஊரில ஒரு வீட்டுக்குத் தனியப் போய், தகப்பன் கீறின தாள்களைக் கண்டெடுக்கிறாள். தகப்பன் பக்கத்தில இல்லை. ஏன் இல்லை என்று நான் சொல்ல மாட்டன், சொன்னால் நீங்கள் பார்க்க மாட்டியள். கடைசிப் பகுதிக்குக் கைலேஞ்சி வைச்சிருங்கோ.

நான் கேக்கிறது இதுதான். அவளுக்குக் கண்டெடுக்கத் தாள்களாவது இருந்தது. எங்கட பிள்ளையளுக்கு 18 வயசு வரேக்க என்ன இருக்கும்? ஊரை விட்டு ஓடி வந்த எங்களிட்டப் படமும் இல்லை, காணி உறுதியும் இல்லை. எங்கட வாய்தான் இருக்குது. ஆனபடியால் வயசுக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொல்லுங்கோ. சொல்ல நா எழும்பாதவை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. தாய்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். நீங்கள் மறைக்கிறது எங்களிலும் கூட.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். வாற வருசப் புத்தாண்டுக்குப் பிள்ளையள் தங்கட அப்பா அம்மாவின்ர வேலையைப் படமாய்க் கீறிக்கொண்டு வரட்டும். இந்தச் சுவரில ஒட்டுவம். கடை, பக்டரி, பெற்றோல் செற், கந்தோர் எல்லாம் ஒரே வரிசையில.