தடத்தில் வழிவிடுவது எப்படி?



கணக்கு எழுதுகிறவனுக்குக் கார் ஓட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்காவின் மகன் இழுத்துக்கொண்டு போனதால் வந்த வினை. எங்கள் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் அல்சாஸில் உள்ள அனோ டு ரான், ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் போன்ற தடங்களுக்குப் போகிறார்கள். பந்தயம் இல்லை. பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பது.

அவனுடையது சின்னக் கார். பின்னால் ஒரு போர்ஷ வந்தது. கண்ணாடியில் கண்டவுடன், மரியாதையாக வழிவிட வேண்டும் என்று நினைத்து, வளைவின் நடுவில் பிறேக்கை அழுத்தி உள்பக்கம் ஒதுங்கினான். போர்ஷக்காரரும் முந்துவதற்கு அதே பக்கத்தைத்தான் தெரிவுசெய்திருந்தார். ஒரு கை அகல இடைவெளியில் தப்பினார்கள். வேலியோரம் நின்ற எனக்குக் கால் நடுங்கியது. அக்காவுக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது.

பெரியவர் வந்தால் ஒதுங்கி நில் என்றுதானே அவனை வளர்த்தோம்? தடத்தில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து. மெதுவாகப் போகிறவர் தன் பாதையிலேயே, தன் வேகத்திலேயே போகவேண்டும். எந்தப் பக்கத்தால் முந்துவது என்று பார்ப்பது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. நேரான பகுதி வந்ததும் சிக்னல் போட்டோ கையைக் காட்டியோ 'இந்தப் பக்கத்தால் போங்கோ' என்று தெரிவித்து, அக்சிலறேற்றரில் இருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும். ஊரில் கண்டி வீதி லொறிக்காரர் கையை வெளியே நீட்டி வீசுவாரே, அதேதான். அவர் லொறியை வயலுக்குள் இறக்கவில்லை.

இது சின்ன விசயம் அல்ல. 1954 வரை சுவிஸ் கிராண்ட் பிறீ பேர்ண் பிறெம்கார்ட்டனில் நடந்தது. 1955 யூன் 11 இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில், மைக் ஹோதோர்ன் தன் ஜாகுவாரில் லான்ஸ் மக்ளினின் வேகம் குறைந்த ஒஸ்ரின் ஹீலியை முந்தினார். முந்தியவுடன் தரிப்பிடத்துக்குத் திரும்பப் பிறேக் பிடித்தார். மக்ளின் மோதாமல் இருக்க இடப்பக்கம் வெட்டினார். அந்தப் பக்கத்தால் பின்னுக்குப் படுவேகமாக வந்த பியர் லெவேயின் மேர்சிடிஸ், ஹீலியில் ஏறிப் பார்வையாளர் பக்கம் பறந்தது. லெவேயோடு 80 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் சுவிஸ் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வட்டத் தடப் பந்தயங்களையே தடைசெய்தது. மலையேற்றப் பந்தயங்கள் தப்பின. தடையை நீக்கப் பாராளுமன்றம் வாக்களித்தது 2023 இல்தான்.

வேகமாக வருகிறவருக்கும் கடமை உண்டு. பின்னால் ஒட்டிக்கொண்டு லைற் அடிப்பது அநாகரிகம். வளைவுக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது. சைகை வரும்வரை பொறுக்கவேண்டும். காரின் விலைக்கு இதில் சலுகை இல்லை. நீலக்கொடி அசைந்தால், 'பின்னால் வேகமான கார், கண்ணாடியைப் பார்' என்று அர்த்தம். பதறத் தேவையில்லை.

இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதையும் சொல்லவேண்டும். நூர்பேர்க்ரிங்கின் 20.8 கிலோமீற்றர் வடக்குத் தடத்தில் பொதுமக்கள் ஓடும் நேரங்களில் ஜேர்மன் வீதிச் சட்டமே செல்லும். அங்கே மெதுவான கார் வலப்பக்கமாக ஓடவேண்டும். முந்துவது இடப்பக்கத்தால் மட்டும். வலது சிக்னல் போட்டால் 'உங்களைக் கண்டுவிட்டேன்' என்று அர்த்தம். ஆகவே காலை விளக்கக் கூட்டத்தில் கோப்பி குடித்துக்கொண்டு கதைக்காமல், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

இனி என் தொழில் சார்ந்த ஒரு சொல். பல வாகனக் காப்புறுதிகள் பந்தயத் தடத்தில் நடக்கும் சேதத்தை ஏற்பதில்லை. நூர்பேர்க்ரிங்கில் தடுப்புவேலியை இடித்தால் அதற்கும் பில் வரும். போவதற்கு முன் காப்புறுதிப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளை வாசியுங்கள்; விளங்காவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்று மத்தியானம் அவன் திரும்பவும் தடத்துக்குப் போனான். ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் கை வெளியே வந்தது. அந்தப் போர்ஷவும் ஒருமுறை முந்தியது. போகும்போது அவர் நன்றிக்குக் கையை உயர்த்தினார்.

அக்கா, கேட்டுக்கொண்டிருந்தால் பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுங்கோ. அவனைப் பேசவேண்டாம்.

வணக்கம்.