அரசின் பங்கும் ஊரின் பங்கும்

(ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டமொன்றில், புதுக்கோட்டை மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



அரசாங்க மானியங்களைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். மானியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், "எவ்வளவு வரும்? எப்பொழுது வரும்?" என்ற இரண்டு வினாக்கள் நம்மவர் நாவில் எழுந்துவிடுகின்றன. "நாம் என்ன வைத்திருக்கிறோம்?" என்னும் மூன்றாவது வினாவைக் கேட்போர் சிலரே. ஆனால் இந்த மூன்றாவது வினாவுக்கு விடை கூறத்தக்க ஊருக்கே முதலிரண்டு வினாக்களின் விடை விரைவில் கிடைக்கின்றது. இதனை அலுவலக மேசையின் இப்புறமிருந்து நாள்தோறும் கண்டு வருகிறேன்.

இம்முறை புதியதன்று. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில், ஓர் ஊராட்சி எவ்வளவு வீட்டு வரி வசூலித்ததோ அதற்கு ஈடாக அரசு மானியம் வழங்கும் ஏற்பாடு இருந்தது. அது நெடுநாள் நிலைத்தும் நின்றது. வரி தண்டாத ஊருக்கு மானியமும் சுருங்கியது. அதே 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மேசையும் நாற்காலியும் கடிகாரமும் கட்டடமும் கொண்டுவந்து கொடுத்தனர். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலம் அது. அவ்வாறு நன்கொடை பெற்று எழுந்த பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே அமர்ந்திருக்கக்கூடும்.

ஊரார் ஒரு பங்கு கொடுக்க, அரசு மறுபங்கு கொடுக்கும் முறைக்கு 1997-98இல் 'நமக்கு நாமே' என்னும் பெயர் வந்தது. 2011-12இல் அது தன்னிறைவுத் திட்டம் எனப்பட்டது. 2021-22இல் மீண்டும் பழைய பெயரே சூட்டப்பட்டது. பெயர் மாறிய போதெல்லாம் விதிகளிலும் சிற்சில மாறுதல்கள் நேர்ந்தன, இனியும் நேரும். ஆகையால் எந்த ஆண்டில் விண்ணப்பிக்கிறீர்களோ அந்த ஆண்டின் அரசாணையைக் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். எனினும் அடிப்படைக் கணக்கு ஒன்றே: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் செலுத்துதல் வேண்டும். செலுத்துவோர் தனியொருவராகவும் இருக்கலாம். சங்கமாகவும் நிறுவனமாகவும் இருக்கலாம். மக்கள் பங்கு பாதியை எட்டிவிட்டால், பணம் கொடுத்தவர்களே அப்பணியை நடத்தவும் வழியுண்டு.

ஓர் உதாரணம் கூறுகிறேன். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப மதிப்பீடு ஒன்பது இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஊரார் மூன்று இலட்சம் செலுத்தினால் அரசின் பங்கு ஆறு இலட்சம். பணி ஒப்பந்தப்புள்ளி மூலம் நடைபெறும். ஊரார் நாலரை இலட்சம் செலுத்த முன்வந்தாலோ, தாமே கொத்தனாரை அமர்த்திக் கட்டிக்கொள்ளக் கேட்கலாம். "ஒப்பந்தக்காரர் மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்துவிட்டார்" என்று பின்னர் குறை கூறுவதைக் காட்டிலும், கூடுதலாக ஒன்றரை இலட்சம் திரட்டித் தாமே நின்று கட்டுவது மேல் என்பது என் கருத்து. ஆனால் தாமே கட்டினாலும் அளவுப் புத்தகத்திலிருந்து தப்ப முடியாது. பொறியாளர் அளந்து எழுதிய வேலைக்குத்தான் பணம் விடுவிக்கப்படும்.

"மூன்று இலட்சத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். இக்கேள்வியை வடகாட்டிலோ கீரமங்கலத்திலோ யாரேனும் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆடி மாதம் பிறந்தால் அவ்வட்டாரத்தில் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். பலர் கூட்டாகப் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, நோட்டுப் போட்டு எழுதி, ஒரே நாளில் திரட்டும் தொகை நம் ஒன்றியத்தின் பல கணக்குத் தலைப்புகளை வெட்கப்பட வைக்கும். அந்நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? யார் எவ்வளவு செய்தார், எந்த ஆண்டு செய்தார், நாம் அவருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பவை எல்லாம் ஒரு காசு பிசகாமல் இருக்கும். எந்தத் தணிக்கை அதிகாரியும் அதில் ஆட்சேபக் குறிப்பு எழுத இயலாது. இத்தகைய கணக்குத் திறமை வீட்டு விசேஷத்துக்கு மட்டும் பயன்பட்டு, ஊர்ப் பள்ளிக்கும் கண்மாய்க்கும் பயன்படாமற் போவது ஏன் என்பதே என் ஏக்கம். மொய்ப் பணத்தைத் திருப்பிச் செய்தாக வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் அரசு வைக்கும் மூன்றில் இரு பங்கையோ திருப்பித் தர வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தார்க்குப் பொது வேலைக்குப் பணம் திரட்டத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதற்கு மறு ஆண்டே, 2019இல், கொத்தமங்கலத்திலும் கீரமங்கலம் வட்டாரத்திலும் இளைஞர்கள் தாமே பணம் சேர்த்து இயந்திரம் வைத்துக் குளங்களைத் தூர்வாரினார்கள். தோப்பு போன மறு ஆண்டு அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கண்மாய்ப் பராமரிப்புக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. 2017 மார்ச் மாதத்தில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றபோது, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதில் ஆயக்கட்டு உழவர்களின் பங்கு பத்தில் ஒன்றே. அதனையும் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தரலாம் என்றிருந்தது. இத்தகைய அழைப்பு வரும்போது, பதிவு பெற்ற பாசனச் சங்கம் கையில் இருக்கும் ஊர் முந்திக்கொள்கிறது. அழைப்பு வந்தபின் சங்கம் கூட்டி, அதில் யார் தலைவர் என்று வழக்காடிக் கொண்டிருந்தால் மார்ச் மாதம் முடிந்து நிதியாண்டும் போய்விடும். நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்கள் கண்மாய் எவருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மடை ஒரு துறைக்கும் வரத்துவாரி இன்னொரு துறைக்கும் எழுதப்பட்ட மனுக்கள் இரண்டு அலுவலகங்களுக்கிடையே நடந்து நடந்து தேய்ந்து போகின்றன.

இனி மனு தடைப்படும் இடங்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் பணத்தால் தடைப்படுவதில்லை; நிலத்தால் தடைப்படுகிறது. ஓர் ஊரில் சமுதாயக்கூடத்துக்குப் பங்குத்தொகை முழுவதும் திரட்டி, வரைவோலையும் எடுத்துவிட்டார்கள். புல எண்ணைப் பார்த்தால், ஊர்ப் பொது இடம் என்று மூன்று தலைமுறையாக நம்பியிருந்த மனை ஒருவருடைய பாட்டனார் பெயரில் பட்டாவாக இருந்தது. வாரிசுகள் எண்மர், அவர்களுள் இருவர் சிங்கப்பூரில். எல்லாரையும் இணங்கச் செய்து தானப் பத்திரம் பதிவு செய்வதற்குள் வரைவோலையின் மூன்று மாதக் கெடு தீர்ந்துவிட்டது. ஆகவே, பணம் திரட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். இடம் அரசின் பெயரிலோ ஊராட்சியின் பெயரிலோ இருத்தல் வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கேட்காதீர்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கோயில் திருப்பணிக்கும் இத்திட்டத்தில் இடமில்லை.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். "எங்கள் ஊருக்கு எல்லா வசதியும் செய்து தருக" என்று எழுதப்படும் தீர்மானம் கோப்பில் தூங்குவதற்கே உதவும். எந்த வேலை, எந்தப் புல எண், என்ன அளவு, ஊரார் பங்கு எவ்வளவு, கட்டி முடித்தபின் பராமரிப்பவர் யார் என ஐந்தும் தீர்மானத்திலேயே இருக்கட்டும். 2022 முதல் கிராம சபை கூடும் நாட்கள் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டன. முன்பிருந்த நான்கு நாட்களுடன் மார்ச் 22ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் சேர்க்கப்பட்டன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கண்மாய்த் தீர்மானத்துக்கு அதனினும் ஏற்ற நாளை நான் அறியேன்.

பங்குத்தொகையை எவ்வாறு பிரிப்பது என்பதில்தான் ஊரின் நியாயம் தெரியும். தலைக்கட்டுக்கு ஆயிரம் என்று சமமாக விதிப்பது எளிது. ஆனால் பத்து ஏக்கர் நஞ்சை உடையவருக்கும், அந்நஞ்சையில் நாற்று நடும் அம்மாளுக்கும் ஒரே ஆயிரமா? கண்மாய் வேலையாயின் ஏக்கர்க் கணக்கில் பிரிப்பதே முறை. பள்ளி வேலையாயின் வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள பழைய மாணவர்களைக் கேளுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' ஏற்பாடும் அவர்களை நோக்கியதே.

இங்கே ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். பங்கு வைப்போருக்கே மானியம் என்னும் முறை, வைக்க இயலாதவர்களைப் பின்தள்ளிவிடும். கடைக்கோடிக் குடியிருப்பில் முப்பது வீடுகள். அனைவரும் கூலி வேலை செய்பவர்கள். அவர்களுக்கும் சாலை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், குடிநீர்த் தொட்டி வேண்டும். அத்தகையோருக்குப் பங்கைக் குறைத்து விதித்தாலும், குறைந்த பங்கும் அவர்களுக்குப் பெருந்தொகையே. 2006-07 முதல் ஐந்தாண்டுகளில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிக்கு 20 இலட்சம் ரூபாய் வீதம் 12,618 ஊராட்சிகளுக்கும் பங்கு கேளாமலே நிதி அளிக்கப்பட்டது. அவ்வாறு பங்கு கேளாத நிதி வரும்போது, அதனை முதலில் அந்தக் கடைக்கோடிக் குடியிருப்புக்கு ஒதுக்குங்கள். பணம் திரட்ட வல்ல நடுத்தெரு, பங்கு கேட்கும் திட்டத்துக்குப் போகட்டும். பல ஊர்களில் இது தலைகீழாக நடைபெறுகிறது: இலவச நிதி நடுத்தெருவுக்கும், "பணம் கட்டினால் பார்க்கலாம்" என்னும் பதில் கடைக்கோடிக்கும் போய்ச் சேருகின்றன. எந்த விதியும் இதனைத் தடுக்காது. கிராம சபையில் அமர்ந்திருக்கும் நீங்களே தடுக்க வேண்டும்.

கட்டடமும் கண்மாயும் மட்டுமே பொதுப்பணி என்று எண்ணிவிட வேண்டா. 1991-92இல் இம்மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருமதி ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவிப்புக்கென அரசு நிதி வந்தது. அது பெரும்பாலும் புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் ஆயிற்று. கற்பித்த தொண்டர்கள் சம்பளம் வாங்கவில்லை. கல் உடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் இரவில் எழுத்துக் கற்றனர்; பல்லாயிரம் பேர் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். அரசின் நிதியைப் போலப் பன்மடங்கு வேலை நடந்ததற்குக் காரணம், மக்கள் தம் பங்காக மாலை நேரத்தைக் கொடுத்தமையே.

ஆராய்ச்சி நிதியைப் பற்றிச் சில வார்த்தைகள். "அது கல்லூரிக்காரர் சமாசாரம்" என்பார்கள். விண்ணப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். கேள்வி நம்முடையதாக இருக்கலாமன்றோ? 1984இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம், கல்லூரி மாணவரின் ஆய்வுத் திட்டங்களுக்குச் சிறு நிதியுதவி அளித்து வந்திருக்கிறது. மணமேல்குடிப் பக்கம் எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது? ஆலங்குடிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது? உங்கள் ஊரில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, மாதந்தோறும் முதல் தேதியில் கயிறு விட்டு அளந்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஈராண்டு எழுதிய அந்நோட்டுடன் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கோ குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரிக்கோ சென்று பாருங்கள்; ஆய்வுக்குப் பொருள் தேடும் பேராசிரியர் உங்களை வாசலில் வந்து வரவேற்பார். வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து இரகங்களை நாம் அறிவோம். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் எந்த வயலில் எப்பொழுது முதலில் தோன்றியது என்று தேதியுடன் சொல்லத்தக்க உழவர், அம்மையத்தாருக்கு ஒரு பரிசோதனைச் சாலைக்குச் சமானம்.

மாநிலத் திட்டக் குழுவின் வழியே 2014-15இல் தொடங்கப்பட்ட புத்தாக்க நிதி போன்றவை துறைகளின் மூலமாகவே கேட்கத்தக்கவை; ஊராட்சி நேரே மனுச் செய்வதற்கு உரியவை அல்ல. நல்ல யோசனை இருப்பின் எழுதி என்னிடம் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு.

பணி முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஊரார் கொடுத்த தொகை, அரசு கொடுத்த தொகை, செலவு, மீதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அவ்விடத்திலேயே பலகை வையுங்கள். பயன்பாட்டுச் சான்றை அலுவலகம் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தைய பணிக்குச் சான்று வராத ஊரின் அடுத்த மனுவை நான் மேலே அனுப்பினாலும் திரும்பி வந்துவிடும்.

தீர்மான மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். ஒன்றியப் பொறியாளர் இங்கேயே இருக்கிறார். புல எண் கொண்டுவந்திருப்பவர்கள் உணவுக்கு முன் அவரைப் பார்த்துவிடலாம். கொண்டுவராதவர்கள் அடுத்த வாரம் வரலாம்.