கறுப்பிலும் வெள்ளையிலும் ஒரே கொக்கு



புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கோட்டைப்பட்டினம். விசைப்படகுகள் மீன் இறக்கும் ஊர். மீன் இறங்கும் இடத்தில் காக்கையும் செம்பருந்தும் கொக்கும் கூடுவது வழக்கம்தான். அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, நீர் வற்றிய சேற்றுப் பரப்பில் தன்னந்தனியாக இரை தேடும் ஒரு கொக்கு உண்டு. உடம்பு முழுவதும் கருஞ்சாம்பல் நிறம், தொண்டையில் மட்டும் வெள்ளை. ஆங்கிலத்தில் வெஸ்டர்ன் ரீஃப் ஹெரான். இந்த உரையில் அதைக் கரைக்கொக்கு என்றே அழைப்போம்.

கருஞ்சாம்பல் பறவையை இனங்காண்பது எளிது. சிக்கல் என்னவென்றால், இதே இனத்தில் தூய வெள்ளைப் பறவைகளும் உண்டு. ஆண், பெண் வேறுபாட்டாலோ வயதாலோ வருவதல்ல இந்த நிறம், பிறவியிலேயே அமைவது. கறுப்பும் வெள்ளையும் இணைசேர்வதும் உண்டு. ஆக, வயலிலும் குளத்திலும் நாம் தினமும் பார்க்கிற சின்ன வெண்கொக்குக்குப் பக்கத்தில் வெள்ளைக் கரைக்கொக்கு வந்து நின்றால், இரண்டையும் பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கே சவால்.

அலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்ன வெண்கொக்கின் அலகு மெல்லியது, நேரானது, கறுப்பு. கரைக்கொக்கின் அலகு தடிப்பானது. நுனியை நோக்கி லேசாகக் கீழே வளைந்திருக்கும். பழுப்பு கலந்த மஞ்சளாகத் தெரியும். அடுத்தது கால். சின்ன வெண்கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம். இரண்டு நிறமும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கும். கரைக்கொக்கின் கால் பசுமை கலந்த மங்கல் பழுப்பு. பாதத்து மஞ்சள் பல சமயம் கணுக்காலுக்கு மேலும் ஏறியிருக்கும்.

மஞ்சள் அலகு என்றதும் கரைக்கொக்கு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உண்ணிக்கொக்குக்கும் மஞ்சள் அலகுதான். ஆனால் அது குட்டை அலகு, மாடு மேயும் இடத்துப் பறவை. பெரிய வெண்கொக்கின் அலகும் பல மாதங்கள் மஞ்சளாக இருக்கும்; அதன் உயரமும் நீண்ட கழுத்தும் அடையாளம் சொல்லிவிடும். சின்ன வெண்கொக்கின் இளம்பறவைக்கு அலகு வெளிறியிருக்கலாம். போதாததற்கு, சின்ன வெண்கொக்கும் கரைக்கொக்கும் கலந்து பிறக்கும் பறவைகளும் உண்டு. சந்தேகம் தீராத பறவையை 'உறுதியில்லை' என்று குறித்துவைப்பதே நேர்மை.

இந்தக் கரைக்கென்று ஒரு தனிக் குறிப்பும் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்துக் கடல் கிழக்குப் பார்த்தது. விடியற்காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும்; வெள்ளைக் கொக்குகூட நிழலுருவாகக் கறுத்துத் தெரியும். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அலகும் காலும் அப்போதுதான் உள்ளபடி நிறம் காட்டும்.

நடையும் ஒரு சாட்சி. மடையான் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். கரைக்கொக்கு அப்படியல்ல. முழங்கால் நீரில் நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், சிறகை விரிக்கும், திரும்பி வேறு திசையில் பாயும். சின்ன மீன், இறால், நண்டு இவையே அதன் தீனி. கோட்டைப்பட்டினத்தை ஒட்டிய பாக் விரிகுடாவும் அதற்கு ஏற்ற கடல். மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் அளவுக்கு அலை அடங்கிய, ஆழம் குறைந்த கடல் இது. அடியில் கடல்புல் படுகைகள்; கரையில் சேறும், ஆங்காங்கே அலையாத்தியும். கடல்புல்லை மேயும் கடற்பசுவைக் காக்க, 2022ஆம் ஆண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடல்புல் செழித்தால் அதில் வளரும் மீன்குஞ்சும் இறாலும் பெருகும்; அது கொக்குக்கும் சோறு, வலைக்கும் வரவு.

கரைக்கொக்கின் பரவலும் வியப்பானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், மொரிட்டானியாவிலிருந்து காபோன் வரை ஒரு கிளையினம் வாழ்கிறது. இன்னொன்று செங்கடல், பாரசீக வளைகுடா வழியாக குஜராத், மும்பை என்று இறங்கி, தமிழகத்தின் கிழக்குக் கரையையும் இலங்கையையும் தொடுகிறது. கட்ச் வளைகுடாவில் ஏராளம். நம் பக்கத்தில் குறைவு. எப்போதாவது ஒன்று வழி தப்பி வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. 1983இல் அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவில் ஒரு கரைக்கொக்கு தென்பட்டது. வட அமெரிக்காவில் இந்த இனம் பதிவானது அதுவே முதல்முறை.

கொக்கு வேண்டுமானால் சேறு வேண்டும். வெறும் சேறுதானே என்று அந்த இடத்தில் குப்பை கொட்டுவதும், கிழிந்த வலைகளை வீசுவதும், மண் அடித்து மேடாக்குவதும் கரையோர ஊர்கள் பலவற்றில் நடக்கிறது. கொக்கு தீனி எடுக்கும் களம் அது. அதை மூடினால் பறவைக்கு வேறு போக்கிடம் கிடையாது, ஏனென்றால் உள்நாட்டுக் குளங்களுக்கு இது அபூர்வமாகத்தான் வரும்.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓர் இடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். மணமேல்குடி முதல் மீமிசல் வரை உள்ள கரையோர நேயர்கள், பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள் அடுத்த பொங்கலுக்கு அவசியம் கலந்துகொள்ளுங்கள். வெள்ளைக் கொக்கு எதைக் கண்டாலும், அலகும் காலும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அந்தப் பதிவோடு சேர்த்து அனுப்புங்கள்.